புதுச்சேரியில் ஒரு நாள்: மார்க்கெட்டில் தொடங்கிச் சாப்பிடுவது எப்படி

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் நேரே கடற்கரைக்குப் போகிறார்கள். மஞ்சள் சுவர் ஓரம் நின்று போட்டோ எடுக்கிறார்கள். வெயில் ஏறிப் பசி எடுத்த பிறகுதான் எங்கே சாப்பிடலாம் என்று போனைத் தேய்க்கிறார்கள். நான் இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடச் சொல்வேன். விடிந்ததும் பெரிய மார்க்கெட், கடற்கரை சாயங்காலம். அன்றைக்கு மார்க்கெட்டில் என்ன குவிந்திருக்கிறதோ அதைத்தான் ஊர் மத்தியானம் சாப்பிடப் போகிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் எந்தக் கடையில் எதைக் கேட்பது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் பிறந்தது முத்தியால்பேட்டை, வாழ்க்கைப்பட்டது கடலூர் மஞ்சக்குப்பம். இரண்டு ஊர் அடுப்பும் எனக்குப் பழக்கம். கோயம்புத்தூர் நாத்தனார், சம்பந்தி வீட்டார், பிள்ளைகளின் சிநேகிதர்கள் என்று யார் வந்தாலும் இந்த வழியில்தான் அழைத்துப் போகிறேன். வழி மாறாது. வாங்குவதும் சாப்பிடுவதும் மட்டும் மாதத்துக்கு மாதம் மாறும்.

ஆகவே முதலில் எந்த மாதம் என்று பாருங்கள். மீனுக்காக வருவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வராதீர்கள். அந்த 61 நாளும் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. சின்ன ஃபைபர் படகுகள் கரையோரம் பிடித்து வருவதுதான் மார்க்கெட்டுக்கு வரும். வரத்து குறைவு, விலை ஏற்றம், பெரிய மீனில் பாதி ஐஸில் கிடந்தது. ஆனால் அதே இரண்டு மாதத்தில்தான் பண்ருட்டிப் பலா வந்து குவிகிறது, நுங்கு வருகிறது, மாடிக்கு மாடி வடகம் காய்கிறது. மீன் சாப்பிடாதவர்களுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. மார்கழி, தையில் வந்தால் பனங்கிழங்கு. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் புயல் செய்தியைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கடலூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் சுண்ணாம்பாற்றுப் பாலம் தாண்டி அரியாங்குப்பம் வரும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். அங்கேதான் அரிக்கமேடு. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமாபுரிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் ஊறலும் அடைத்து வரும் சாடிகள் அவை. சாப்பாட்டுச் சாமான் கப்பல் ஏறி வந்து இறங்கிய இடம் இது, ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே. மார்க்கெட்டுக்குள் நுழையும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

முதலில் காபி, பிறகு மார்க்கெட்

புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோவில் நேரு வீதிக்கு வந்துவிடுங்கள். இந்தியன் காபி ஹவுஸ் அங்கேதான் இருக்கிறது. தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்தும் கடை. ஒரு காபி, வேண்டுமானால் ஒரு தோசை. அதற்கு மேல் வேண்டாம். வயிற்றில் இடம் வைத்துக்கொண்டுதான் மார்க்கெட் சுற்ற வேண்டும். வயிறு நிறைந்தவர்களுக்குக் கண் சரியாகப் பார்க்காது.

பெரிய மார்க்கெட் என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்குச் சட்டென்று புரியும். பலகையில் குபேர் அங்காடி என்று இருக்கும். புதுச்சேரிக்கு மேயராகவும் முதலமைச்சராகவும் இருந்த எதுவார் குபேரின் பெயர் அது. நேரு வீதிப் பக்கம் நுழைந்தால் ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் வெளியே வரலாம், நடுவில் மணிக்கூண்டு. வழி தவறினால் மணிக்கூண்டைப் பார்த்து நடந்தால் போதும். ரங்கப்பிள்ளை வீதி என்பது பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர். அவர் வீடும் அந்த வீதியிலேயே இருக்கிறது. நேரம் இருந்தால் வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

கையில் துணிப்பை இரண்டு இருக்கட்டும். மீனுக்கு மூடி போட்ட டப்பா ஒன்று தனியாக. சில்லறை கட்டாயம். வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், மீன் பகுதியில் தரை எந்நேரமும் ஈரம். புடவை கட்டியிருந்தால் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

பூக்கடை வாசனையில் நின்றுவிடாதீர்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். மீன் பகுதிக்கு முதலில் போக வேண்டும், ஏனென்றால் நேரம் ஆக ஆக அங்கே நல்லது போய்விடும். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் வஞ்சிரம் எங்கே என்று கேட்கிறார்கள். வஞ்சிரம் எந்த ஊரிலும் கிடைக்கும். இங்கே வந்தால் சங்கராவைப் பாருங்கள், குழம்புக்கு அதுதான். கானாங்கெளுத்தி வறுவலுக்கு. நெத்திலி எதற்கும் ஆகும். கிழங்கான் கிடைத்தால் விடாதீர்கள், பஞ்சு மாதிரி சதை, சின்னப் பிள்ளைக்கும் முள் எடுத்துக் கொடுக்கலாம். பால்சுறா புட்டுக்கு, எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற முதலில் வாங்கிக் கொடுப்பது அதுதான்.

வாங்காவிட்டாலும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், குழிந்து பால் படர்ந்திருந்தால் பழையது. செவுளைத் தூக்கினால் உள்ளே நல்ல சிவப்பு. விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் மேலே எழும்ப வேண்டும். இறாலில் தலை ஆடாமல் ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள், தலை கறுத்துத் தொங்கினால் வேண்டாம். நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனம் வேண்டும், வயிற்றுப் பக்கம் அழுத்தினால் அமுங்கக் கூடாது. வயிற்று மூடி அகலமாக இருந்தால் பெண், குறுகலாக இருந்தால் ஆண். அமாவாசையை ஒட்டி வரும் நண்டில்தான் சதை கெட்டி என்று குப்பத்தில் சொல்வார்கள், நானும் நாள் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

பேச்சுக் கொடுங்கள். "அக்கா, இது எப்ப வந்துது?" என்று கேட்டால், "காலைல ஏலத்துல எடுத்தது கண்ணு, செவுளத் தூக்கிப் பாரு" என்று அவரே தூக்கிக் காட்டுவார். தூக்கிக் காட்டாமல் விலையை மட்டும் குறைக்கிறவரிடம் வாங்காதீர்கள். சின்ன மீன் கூறு கணக்கு, பெரியது எடை. கூறு போட்டிருப்பதில் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கலைத்துப் பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆய்ந்து கொடுப்பதற்குக் காசு தனி. அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து சங்கராவின் செதிலை எடுத்து, துடுப்பு நறுக்கி, வயிறு கீறிக் குடலை எடுத்துத் துண்டு போட ஒரு நிமிஷம்கூட ஆகாது அவர்களுக்கு. அந்தக் கை வேகத்துக்குக் கொடுக்கிற காசில் பேரம் பேச வேண்டாம் என்பது என் எண்ணம்.

வடகம்

இந்த ஊரிலிருந்து ஒரே ஒரு சாமான் எடுத்துப் போகலாம் என்றால் நான் வடகத்தைத்தான் சொல்வேன். அப்பளம் மாதிரி எண்ணெயில் பொரித்துத் தொட்டுக்கொள்கிற வடகம் வேறு. இது தாளிக்கிற வடகம். சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு தட்டிப் போட்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்துப் பிசைவார்கள். பகலெல்லாம் வெயிலில் பரப்பி வைத்து, சாயங்காலம் அள்ளி உருண்டை பிடித்து மூடி வைத்து, மறுநாள் உதிர்த்து மறுபடி வெயில். விளக்கெண்ணெய் தொட்டுத் தொட்டுப் பிசைவது பூச்சி அண்டாமல் இருக்க. இப்படி ஒரு வாரத்துக்கு மேல் போகும். வெங்காயத்தின் ஈரம் முழுக்கச் செத்து, உருண்டை கறுத்துப் பளபளப்பு ஏறும். பங்குனி, சித்திரை வெயில்தான் இதற்குச் சரி. மேகம் போட்டுவிட்டால் அந்த வருஷத்து வடகத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

வாங்கும்போது மூக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். வெங்காயமும் வெந்தயமும் வறுபட்ட வாசனை முன்னால் வர வேண்டும். புளித்த வாடை வந்தால் சரியாகக் காயவில்லை. உருண்டையைக் கிள்ளினால் பொலபொலவென்று உதிர வேண்டும், ஒட்டக் கூடாது. சின்ன வெங்காயமா, பெரிய வெங்காயமா என்று கேளுங்கள். பெரிய வெங்காயத்தில் போட்டது விலை குறைவு, மணமும் குறைவு. மளிகைக் கடையில் பாக்கெட்டில் இருப்பதைவிட, வீட்டில் போட்டுக் கொண்டுவந்து கூடையில் வைத்து விற்கிற அம்மாக்களிடம் வாங்குவது மேல். என் பிறந்த வீட்டுப் பக்கம் என்பதால் சொல்லவில்லை, முத்தியால்பேட்டை மணிக்கூண்டு அருகில் இருக்கும் மார்க்கெட்டிலும் வெயில் காலத்தில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குப் போய் என்ன செய்வது? நல்லெண்ணெய் காய்ந்ததும் நெல்லிக்காய் அளவு கிள்ளிப் போடுங்கள். தீ குறைவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெந்தயம் கருகிக் கசந்துவிடும். செவந்து மணம் வந்ததும் கொதித்து இறக்கிய மீன் குழம்பில் கொட்டி மூடிவிட வேண்டும். கீரைக் கடையலுக்கும் வத்தக்குழம்புக்கும் இதே தாளிப்புதான். வேறு கடுகு, வெங்காயம் எதுவும் வேண்டாம். பிரான்சில் சமையற்காரர்கள் இதைப் பொடியாகக் கறியிலும் மீனிலும் தூவுகிறார்கள். அவர்களுக்கு இது போனது இந்த ஊர் அடுப்பங்கரையிலிருந்துதான்.

குழம்புக்கு மண்சட்டி வேண்டுமென்றால் வில்லியனூர் போக வேண்டும், மேற்கே பஸ்ஸில் கொஞ்ச தூரம். சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். சட்டியைச் சுண்டிப் பார்த்து வாங்குங்கள், கணீரென்று கேட்க வேண்டும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, அரிசி கழுநீர் ஊற்றிக் காய்ச்சி ஆறவைத்த பிறகுதான் குழம்பு.

மத்தியானம், சாயங்காலம்

மெஸ் எது நல்லது என்று பெயர் சொல்லச் சொல்வார்கள். பெயரைவிட ஒரு கேள்வி உதவும். உட்காருவதற்கு முன், "இன்னைக்கு குழம்புல என்ன மீன்?" என்று கேளுங்கள். "சங்கரா", "பாறை" என்று பட்டென்று பதில் வந்தால் உட்காரலாம். "எல்லாம் இருக்கு சார்" என்றால் அடுத்த கடை. காலையில் மார்க்கெட்டில் நீங்கள் பார்த்த மீனின் பெயரே பதிலாக வந்தால் தயங்கவே வேண்டாம். ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். குழம்பு தீர்ந்த பிறகு தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் புதுச்சேரி மீன் குழம்பு சுமார் என்று யாரும் ஊருக்குப் போகக் கூடாது.

இன்னொரு சமையலும் இங்கே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் ஊரை விட்டுக் கொடுத்துப் போனாலும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த சொல்தா வீடுகளில் அந்தக் கைப்பக்குவம் நின்றுவிட்டது. காரம் கம்மி, தேங்காய்ப்பால் தூக்கல், கடைசியில் எலுமிச்சை. அவர்களில் பலர் சைகோனில் வேலை பார்த்தவர்கள். அதனால் இறாலும் கறியும் சேமியாவும் வைத்து அரிசித் தாளில் சுருட்டிப் பொரிக்கிற வியட்நாம் பலகாரம் புதுச்சேரித் தமிழ் வீட்டுப் பண்டிகையில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ரவையும் வெண்ணெயும் முட்டையும் ரம்மில் ஊறிய திராட்சையும் போட்டுச் செய்கிற விவிகம் கேக்கும் அந்த வீடுகளுடையதுதான். தெரிந்தவர் வீடு இருந்தால் கேட்டுச் சாப்பிடுங்கள். இல்லாவிட்டால் வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளையர் வீதிகளில் இந்தக் கலப்புச் சமையலுக்குக் கிரியோல் சமையல் என்று பலகை போட்ட கடையில் சாப்பிடலாம். விலை கூடுதல்தான், ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கத் தகுந்தது.

நாலு மணிக்கு மேல் ரொட்டி. பூசி வீதி, மிஷன் வீதிப் பக்கம் பேக்கரிகளில் நீள ரொட்டி கிடைக்கும். கையில் எடுத்தால் பார்வைக்குத் தெரிவதைவிட லேசாக இருக்க வேண்டும், அமுக்கினால் மேலோடு நொறுங்கும் சத்தம் கேட்க வேண்டும். கடல் காற்றின் ஈரத்தை அந்த மேலோடு சீக்கிரம் இழுத்துக்கொள்ளும், ராத்திரிக்குள் சவசவத்துவிடும். அதனால் பிளாஸ்டிக் பையில் போடச் சொல்லாதீர்கள், காகிதம் போதும். வெண்ணெய், ஜாம் என்று தேடாமல் கறிக்குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இட்லிக்குப் பதில் பல நாள் அதுதான்.

ஞாயிறு என்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். துணி, பாத்திரம், பழைய புத்தகம், செருப்பு எல்லாம் ரோட்டோரம் பரப்பியிருக்கும். சாப்பாட்டுக்காகப் போகிற இடம் அது இல்லை. எவர்சில்வர் கரண்டியும் பழைய புத்தகமும் வாங்க நல்லது. பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திவிடுவார்கள், நடக்கிறவர்களுக்கு மட்டும்தான் சாலை. செஞ்சியிலிருந்து வந்த கருங்கல் தூண்களுக்கு நடுவில் காந்தி சிலை. சுண்டலோ, மாங்காய் போட்ட பட்டாணியோ வாங்கிக்கொண்டு அலைப் பக்கம் பாறையில் உட்காரலாம். அதற்கு மேல் அங்கே சாப்பிட எதையும் தேட வேண்டாம்.

மறுநாள் திங்கட்கிழமையாக இருந்தால்

இருந்து பாருங்கள் என்று கெஞ்சுவேன். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகிற ரோட்டில் காராமணிக்குப்பம் சந்தை திங்கட்கிழமைதான். கருவாட்டுக்குப் பெயர் போன சந்தை. நெத்திலி, வாளை, சுறா, சென்னாக்குனி எனும் பொடி இறால் என்று சாக்கு விரித்துக் குவித்திருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

கருவாட்டில் உப்பு வாடை வரலாம், அழுகல் வாடை வரக் கூடாது. மேலே வெள்ளையாக இருப்பது உப்பா பூஞ்சையா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள், உப்பு நறநறக்கும். நெத்திலியில் வெள்ளி மினுக்கு இன்னும் இருக்க வேண்டும். மஞ்சளித்துப் போனது பழசு. சென்னாக்குனியை உள்ளங்கையில் எடுத்து உதறுங்கள், கையில் மணல் தங்கினால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். சமைக்கும் முன் வெந்நீரில் அலச வேண்டும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே ரோட்டில் இன்னும் மேற்கே போனால் பண்ருட்டி. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது அந்தச் செம்மண் காட்டில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். தாத்தா வைத்த மரம் போய்விட்டது என்று அழுதவர்கள் உண்டு. திரும்ப நட்டு, தண்ணீர் ஊற்றி, இன்று அந்த மரங்கள் காய்க்கின்றன. ஆகவே பண்ருட்டி முந்திரியை ரோட்டோரக் கடையில் பார்த்தால் நின்று வாங்குங்கள். பாயசத்துக்கு முழுப்பருப்பு வேண்டாம், பாதி உடைந்தது போதும், ருசி ஒன்றுதான். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தால் பழுத்ததில் சத்தம் மந்தமாக வரும், முள் அகன்று படிந்திருக்கும், வாசனை தானாக வரும். முழுப்பழம் தூக்க முடியாதவர்கள் சுளையாக வாங்கி அங்கேயே தின்றுவிடுங்கள், கொட்டையை மட்டும் கழுவி எடுத்து வாருங்கள்.

ஏனென்றால் அந்தக் கொட்டையும் காராமணிக்குப்பம் கருவாடும் சேர்ந்தால்தான் எங்கள் கடலூர்ப் பக்கத்துக் குழம்பு. பலாக்கொட்டை, கத்தரிக்காய், புளிப்பு மாங்காய் ஒரு துண்டு, வாளைக் கருவாடு. கொட்டையின் மேல்தோலை உரித்துத் தனியாக வேகவைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காயைப் புளியோடு கொதிக்கவிட்டு, கொட்டையையும் மாங்காயையும் போட்டு, கருவாட்டைக் கடைசியில் சேர்த்தால் உடையாது. இறக்கியதும் வடகம் தாளிப்பு. தடைக்காலத்தில் மீன் இல்லையே என்ற குறையே வராது.

ஊருக்கு எடுத்துப் போவதற்குக் கருவாட்டை முதலில் இரண்டு மூன்று சுற்று செய்தித்தாளில் சுற்றி, பிறகு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். பஸ்ஸில் யார் முகமும் சுளிக்காது. பச்சை மீனை ஆய்ந்து, கழுவாமல், ஐஸ் நிரப்பிய டப்பாவில் வைத்தால் ஒரு ராத்திரிப் பயணம் தாங்கும். வீட்டில்தான் கழுவ வேண்டும். வடகத்தைப் பாட்டிலில் அடைப்பதற்கு முன் உங்கள் ஊர் வெயிலில் இன்னும் ஒரு நாள் காயவையுங்கள், அடுத்த பங்குனி வரை வரும்.